காய்தலும் ஆறுதலும்: புண்ணுக்கு நீர் வார்க்கும் புதிய கட்டு

புண் குணமாவதைச் சொல்லத் தமிழில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. 'புண் காய்ந்துவிட்டது' என்கிறோம். 'புண் ஆறிவிட்டது' என்றும் சொல்கிறோம். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. ஆயினும் காய்தல் என்பது ஈரம் வற்றுதல். ஆறுதல் என்பது வெம்மை தணிதல். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளைக் கவனிக்காமல் இருக்க முடிவதில்லை. இவ்விரண்டு சொற்களில் எது புண்ணின் உண்மைக்கு நெருங்கியது என்ற கேள்வியை எழுப்பினால், கடந்த அறுபது ஆண்டுக் கால வைத்திய விஞ்ஞானம் தரும் விடை ஒன்றுதான். புண் காய்வதனால் ஆறுவதில்லை. பெரும்பாலும் ஈரத்தில்தான் ஆறுகிறது.

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று, காலையும் உயிரையும் பற்றிய செய்தி. தலைநகரில் நமக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் நீரிழிவு உடையவர். ஒரு ஜூன் மாத நண்பகலில் கோயிலின் கற்பிரகாரத்தை வெறுங்காலுடன் மூன்று முறை வலம் வந்தார். வீடு திரும்பிக் காலைக் கழுவும்போதுதான் உள்ளங்கால் கொப்புளித்திருப்பதைக் கண்டார். கல் சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. கொப்புளம் உடைந்து புண்ணாயிற்று. 'காற்றுப் பட்டால் காய்ந்துவிடும்' என்று நம் வீடுகளில் எல்லாரும் சொல்வதையே அவர் வீட்டிலும் சொன்னார்கள். மருந்துப் பொடியைத் தூவி, மின்விசிறியின் கீழ்க் காலை நீட்டி அமர்ந்திருந்தார். மேலே கறுத்த பொருக்கு கட்டியது. காய்ந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். அப்பொருக்கின் அடியில் சீழ் எலும்புவரை சென்றிருந்தது. இறுதியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியதே பெரும் பேறு என்றார் அறுவை மருத்துவர்.

இது ஒரு குடும்பத்தின் தனிக்கதை அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடளாவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. நம் நாட்டில் நீரிழிவு உடையோர் சுமார் 10 கோடிப் பேர் என்று அது மதிப்பிட்டது. நீரிழிவு உடையவர்களில் நூற்றுக்கு 19 முதல் 34 பேர் வரை வாழ்நாளில் ஒரு முறையேனும் பாதப்புண்ணுக்கு ஆளாகக்கூடும் என்பது நிபுணர் கணிப்பு. ஆகவே இதனைப் படிக்கும் நேயர்களுள் பலருடைய வீட்டு வாசலில் நிற்கும் பிரச்சினை இது.

புண் ஏன் ஆறுகிறது, ஏன் சில புண்கள் ஆறுவதில்லை என்பதை முதலில் காண்போம். உடலில் காயம் பட்டவுடன் நான்கு வேலைகள் வரிசையாக நடைபெறுகின்றன. இரத்தம் உறைந்து வாயை அடைப்பது முதல் வேலை. வெள்ளணுக்கள் வந்து அழுக்கையும் கிருமிகளையும் அகற்றுவது இரண்டாவது. புண்ணைச் சுற்றிச் சிவப்பும் சூடும் வீக்கமும் தோன்றுவது அக்காலத்தில்தான். புதிய சதையும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் வளர, விளிம்பிலிருந்து தோலின் உயிரணுக்கள் ஊர்ந்து வந்து மூடுவது மூன்றாவது. புதிய திசு இறுகி வலுப்பெறுவது நான்காவது. நீரிழிவு உடையவரின் பாதத்தில் இவ்வரிசை இரண்டாம் கட்டத்திலேயே தடைப்பட்டு நின்றுவிடுகிறது. இரத்தக் குழாய்கள் குறுகியிருப்பதால் உணவும் பிராணவாயுவும் போதிய அளவு வருவதில்லை. வெள்ளணுக்கள் சோர்ந்து போயிருக்கின்றன. நரம்புகள் மரத்திருப்பதால் வலி என்னும் காவல்காரனும் தூங்கிவிடுகிறான். சதையை அரிக்கும் நொதிகள் புண்ணில் தேங்கி, வளரும் புதுத் திசுவையும் கரைத்துவிடுகின்றன. வாரங்கள் பல கடந்தும் புண் அப்படியே இருக்கிறது.

'புண்ணை உலரவிடு' என்பது நம் நாட்டுப் பாட்டிமார்களின் கொள்கை மட்டுமன்று. உலகெங்கும் மருத்துவர்களும் நெடுங்காலம் நம்பியது அதுவே. அந்நம்பிக்கையை அசைத்தவர் ஜார்ஜ் விண்டர் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர். அவர் இளம் பன்றிகளின் தோலில் ஆழமற்ற காயங்கள் சிலவற்றை உண்டாக்கினார். பன்றியின் தோல் பல வகையில் மனிதத் தோலை ஒத்தது. சில காயங்களைக் காற்றுப்பட விட்டுவிட்டார். மற்றவற்றை மெல்லிய பாலித்தீன் படலத்தால் மூடினார். காற்றுப்பட்டவை பொருக்குக் கட்டின. மூடப்பட்டவை ஈரமாகவே இருந்தன. ஈரமாயிருந்தவற்றில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் மூடிற்று. 1962-இல் 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழில் இம்முடிவு வெளியாயிற்று. அடுத்த ஆண்டே மனிதர்களிடமும் இதனைச் சோதித்து உறுதி செய்தார்கள்.

காரணம் எளியது. தோலின் உயிரணுக்கள் நடந்து செல்லும் பயணிகள் போன்றவை. அவற்றுக்கு ஈரமான தரை வேண்டும். பொருக்கு என்பது காய்ந்த சுவர். அச்சுவரைத் தாண்ட இயலாமல், அவை அதன் அடியில் ஈரம் உள்ள ஆழத்தைத் தேடிச் சுற்றிச் செல்கின்றன. வழி நீள்கிறது, காலமும் நீள்கிறது.

புண்ணை ஈரமாக வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் நனைந்த துணி சில மணியில் காய்ந்து புண்ணில் ஒட்டிக்கொள்கிறது. அதைப் பிய்க்கும்போது முளைத்து வரும் புதுச்சதையும் கூடவே பிய்ந்து வருகிறது. ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கவும் வேண்டும், ஒட்டாமலும் இருக்க வேண்டும். அத்தகைய பொருள் எது? அதுதான் ஹைட்ரோஜெல். இதனை 'நீர்க்களி' என்று தமிழில் வழங்கலாம்.

நீர்க்களியின் தன்மையைத் தமிழர்க்கு விளக்குவது எளிது. நுங்குச் சுளையை நினைத்துக்கொண்டால் போதும். கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், தொட்டால் குளிரும், அதனுள் இருப்பது பெரும்பாலும் நீரே, ஆயினும் நீர்போல் ஓடிவிடுவதில்லை. நீண்ட சங்கிலி போன்ற பெரிய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலையாகி, அவ்வலையின் கண்களில் நீர் சிறைப்பட்டிருப்பதே நீர்க்களி. அதன் எடையில் நூற்றுக்கு 70 முதல் 90 பங்கு வரை நீர் இருப்பதுண்டு.

இதனை உடலுக்கு ஏற்ற பொருளாக்கியவர்களுள் முதன்மையானவர்கள் பிராகா நகரத்து ஓட்டோ விக்டர்லேயும் திராகோஸ்லாவ் லீமும் ஆவர். உயிர்த் திசுக்களோடு இணங்கக்கூடிய நீர்க்களியைப் பற்றி 1960-இல் அவர்கள் எழுதினார்கள். 1961-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் விக்டர்லே தம் வீட்டில், சிறுவர்கள் விளையாடும் இணைப்புப் பொம்மைப் பெட்டியின் உறுப்புகளைக் கொண்டு ஓர் எந்திரத்தைக் கட்டி, கண்ணில் அணியும் மென்வில்லைகளைச் செய்தார் என்பது விஞ்ஞான வரலாற்றின் இனிய செய்திகளுள் ஒன்று. கண்ணின் மென்மையையே உறுத்தாத பொருள் புண்ணையும் உறுத்தாது அல்லவா? பிற்காலத்தில் அவ்வழியே நீர்க்களிக் கட்டுகள் பிறந்தன.

நம் நாட்டிலும் இது உருவாயிற்று. பம்பாய்த் தமிழர்களுக்குச் செம்பூரும் மான்குர்தும் பழகிய இடங்கள். அவற்றை அடுத்த டிராம்பேயில், 1954-இல் தொடங்கப்பெற்று 1967-இல் ஹோமி பாபாவின் பெயர் சூட்டப்பெற்ற அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அணு என்றவுடன் குண்டும் மின்சாரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. புண்ணுக்குக் கட்டும் அங்கே உருவாயிற்று என்பதைப் பலர் அறியார்.

செய்முறை இது. பாலிவினைல் ஆல்கஹால் என்ற பொருளை வெந்நீரில் கரைக்கிறார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் போன்ற இயற்கைப் பொருள்களையும் சிறிதளவு சேர்ப்பதுண்டு. தட்டுகளில் ஊற்றி, உறையிட்டு, காற்றுப் புகாமல் மூடிவிடுகிறார்கள். பிறகு கோபால்ட் 60 என்ற தனிமத்திலிருந்து வெளிப்படும் காமாக் கதிர்களை அதன்மேல் செலுத்துகிறார்கள். கதிர்கள் நீரைத் தாக்க, வேகமாக வினைபுரியும் துண்டுகள் அதில் தோன்றுகின்றன. அவை நீண்ட மூலக்கூறுகளைத் தூண்டி ஒன்றோடொன்று கைகோக்கச் செய்கின்றன. கரைசல் களியாக இறுகுகிறது. அதே கதிர்கள் உறைக்குள் உள்ள கிருமிகளையும் கொன்றுவிடுகின்றன. களியாவதும் கிருமி நீங்குவதும் ஒரே வேளையில், மூடிய உறைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. மருத்துவப் பொருள்களைக் கதிரால் தூய்மை செய்வதற்கென்றே டிராம்பேயில் 1974 முதல் ஒரு நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆகவே இத்துறையில் நம்மவர் அனுபவம் நீண்டது. கதிர் பட்ட கட்டில் கதிரியக்கம் தங்கிவிடுமோ என்று நேயர்கள் அஞ்ச வேண்டியதில்லை. விளக்கின் ஒளி பட்ட புத்தகம் விளக்கை அணைத்தபின் ஒளிர்வதில்லை, அதுபோலத்தான் இதுவும்.

இனி, இக்கட்டு புண்ணில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வறண்ட புண்ணுக்கு இது நீர் தருகிறது. காய்ந்து ஒட்டிக்கிடக்கும் மஞ்சள் நிற அழுகல் திசு ஈரம் பெற்று இளகுகிறது. உடலின் சொந்த நொதிகளே அதனைக் கரைத்து அகற்ற வழி பிறக்கிறது. கசியும் நீரில் சிறிதளவைக் களி தனக்குள் இழுத்துக்கொள்ளவும் செய்கிறது. குளிர்ச்சி தந்து எரிச்சலைத் தணிக்கிறது. தீப்புண் பட்டவர்கள் இதனை நன்கு உணர்வார்கள். எடுக்கும்போது ஒட்டுவதில்லை, வலிப்பதில்லை. தெளிவாக இருப்பதால், கட்டைப் பிரிக்காமலே புண்ணின் நிறத்தைப் பார்க்கவும் முடிகிறது. புண்ணின் நிலையைப் பொறுத்துப் பொதுவாக ஒன்று முதல் மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றுவார்கள்.

இவ்வளவு நன்மை உடையதாயின் எல்லாப் புண்ணுக்கும் இதையே வைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நீர் மிகுதியாகக் கசியும் புண்ணில் இதனை வைத்தால், சுற்றியுள்ள நல்ல தோலும் ஊறி வெளுத்துப் புண்ணாகிவிடும். இரத்தக் குழாய் அடைபட்டுக் கறுத்து உலர்ந்துபோன விரலுக்கு ஈரம் தருவது ஆபத்து. இரத்த ஓட்டத்தைச் சோதித்து மருத்துவர் முடிவு செய்யும்வரை அதை உலர்ந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். அங்கே 'காய்தல்' என்ற சொல்லுக்கும் இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சீழ் பிடித்த புண்ணைச் சிகிச்சையின்றிக் களியால் மூடிவைப்பது திருடனை உள்ளே வைத்துக் கதவைத் தாழிடுவதற்கு ஒப்பாகும்.

சீழைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புண்பட்ட வீரன் வீட்டில் கிடக்கும்போது பேய் அவனைத் தீண்டாதபடி மனைவி காவல் இருப்பதைப் பழந்தமிழர் 'தொடாக்காஞ்சி' என்று ஒரு துறையாகவே வகுத்தனர். வேப்பிலை செருகியும், வெண்கடுகு தூவியும், நறும்புகை எழுப்பியும் அவ்வீட்டைக் காத்த காட்சியைப் புறநானூற்றில் காண்கிறோம். கண்ணுக்குத் தெரியாத பகை ஒன்று புண்ணை நாடி வரும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அப்பகை கிருமியே என்ற கொள்கையின் துணையுடன், 1867-இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் அதனை எதிர்த்துக் காட்டினார். ஆயின் கிருமியைக் கொல்லும் காரமான மருந்து நம் உயிரணுக்களையும் கொல்லும். முதல் உலகப் போரில் பிரான்சில் பணியாற்றிய அலெக்சாண்டர் பிளெமிங், ஆழ்ந்த புண்களில் ஊற்றிய கிருமிநாசினிகள் கிருமியைச் சென்றடையாமல் வெள்ளணுக்களையே அழித்ததை எடுத்துக் காட்டினார். புண்ணில் ஸ்பிரிட்டையும் நுரைக்கும் பெராக்சைடையும் நாள்தோறும் ஊற்றுவோர் இதனைக் கருத வேண்டும்.

நாட்பட்ட புண்ணில் கிருமிகள் தனித்தனியே திரிவதில்லை. வழவழப்பான ஒரு படலத்தைத் தாமே சுரந்து, அதனுள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. அக்கோட்டைக்குள் ஆண்டிபயாட்டிக் மருந்து எளிதில் நுழைவதில்லை. ஆகையால் அழுகிய திசுவையும் படலத்தையும் மருத்துவர் கருவியால் அகற்றுவதே முதற்பணி. சதைக்குள்ளும் எலும்புக்குள்ளும் பரவிய தொற்றுக்கு வாய்வழியோ ஊசிவழியோ மருந்து செல்ல வேண்டும். அதன் பின்னரே கட்டின் முறை வருகிறது.

வெள்ளி, அயோடின், தேன் ஆகிய கிருமியெதிர்ப் பொருள்களைக் கட்டுகளில் ஏற்றியும் இக்காலத்தில் விற்கிறார்கள். இவற்றைப் பற்றி அடக்கமாகவே பேச வேண்டும். சர்வதேச நீரிழிவுப் பாத நலக் குழு 2023-இல் வெளியிட்ட நெறிமுறை, புண் விரைந்து ஆறுவதற்கென்று இத்தகைய கிருமியெதிர்க் கட்டுகளைப் பயன்படுத்துமாறு பரிந்துரைக்கவில்லை. வெறும் நீர்க்களிக் கட்டைப் பற்றி 2013-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, சாதாரணக் கட்டைவிட இது பாதப்புண்ணை ஆற்றுவதில் மேம்பட்டதாகத் தோன்றுகிறது என்றது. ஆனால் கிடைத்த ஆய்வுகள் சிறியவை, குறையுடையவை என்றும் உடனே சேர்த்துச் சொன்னது. புண்ணின் வெப்பத்தையும் அமிலத் தன்மையையும் அறிந்து தானே மருந்தை வெளியிடும் களிகளை ஆராய்ச்சிக்கூடங்களில் உருவாக்கி வருகிறார்கள். அவை நம்பிக்கையூட்டுபவையே. இருப்பினும், விலை உயர்ந்த கட்டு ஒன்றை வாங்கிவிட்டதாலேயே புண் ஆறிவிடும் என்று கருதுவது பிழை.

அப்படியானால் வேறு என்ன வேண்டும்? இதற்கு விடை கூறியவர்களுள் ஒருவர் தமிழ் மண்ணோடு தொடர்புடையவர். கொல்லிமலையில் வாழ்ந்த ஆங்கிலப் பாதிரிமார் குடும்பத்தில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் வந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அது ஆறாது என்று அக்காலத்தார் எண்ணினர். பிராண்ட் உற்று நோக்கினார். சதை கெட்டதன்று, வலி தெரியாமையால் புண்பட்ட காலையே மீண்டும் மீண்டும் ஊன்றி நடக்கிறார்கள், அதுவே ஆறாமைக்குக் காரணம் என்று கண்டார். காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, அழுத்தம் ஓரிடத்தில் விழாமல் செய்தபோது அதே புண்கள் ஆறின. பிற்காலத்தில் அமெரிக்கா சென்ற அவர், இம்முறையை அங்கே நீரிழிவுப் பாதத்துக்கும் பயன்படச் செய்தார். ஆகவே உள்ளங்காலில் புண் உடையவர் எத்தகைய களியை வைத்துக் கட்டினாலும், அப்புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருந்தால் பயன் இராது. அழுத்தம் நீங்க வேண்டும். இரத்த ஓட்டம் சீராக வேண்டும். சர்க்கரை கட்டுப்பட வேண்டும். தொற்று தீர வேண்டும். இந்நான்கு தூண்கள் நின்றால், ஈரக் கட்டு கூரையாக அமையும். தூணின்றிக் கூரை நிற்காது.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்குச் சில குறிப்புகளைத் தனியே சொல்ல வேண்டும். வடக்கின் குளிர் நமக்குப் பழக்கமில்லாதது. தை மாதத்தில் மின்கணப்பின் அருகே காலை நீட்டுவதும், படுக்கையில் வெந்நீர்ப் பையை வைப்பதும் இயல்பு. கால் மரத்துப்போன நீரிழிவாளர்க்கு இவை இரண்டுமே தீப்புண்ணைத் தரக்கூடும். கெட்டியான காலுறை போதும். மும்பையின் மழைக்காலத்தில் நனைந்த காலணியோடு அலுவலகத்தில் நாள் முழுதும் இருப்பதும் தீது. புதுக் காலணியை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் வேளையில் வாங்குவது நலம். கோயிலுக்குச் செல்வதாயின் வெயில் ஏறும் முன்னரோ இறங்கிய பின்னரோ செல்க. இரவில் படுக்குமுன் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்கும் வழக்கத்தைக் கொள்க. குனிய இயலாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம்.

சிவப்பு பரவுதல், வீக்கம், நாற்றம், சீழ், காய்ச்சல், கறுப்பு நிறம் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவரை நாடுக. வலி இல்லையே என்று காத்திருத்தல் கூடாது. வலி இல்லாமையே அங்கு நோயின் குறி. மொழி தெரியாத ஊரில் நோயைச் சொல்வது கடினம் என்று தயங்குவோரும் உண்டு. இந்தி வழங்கும் இடங்களில் புண்ணைக் 'காவ்' என்றும், சீழை 'மவாத்' என்றும் சொன்னால் மருத்துவருக்கு விளங்கும். 'ஷுகர்' என்ற சொல்லோ எம்மாநிலத்திலும் விளங்கும். அம்மூன்று சொற்கள் சில வேளைகளில் ஒரு காலைக் காப்பாற்றும்.

இந்தியில் புண் குணமாவதைச் சொல்லும் சொற்களுள் 'பர்னா' என்பதும் ஒன்று. நிறைதல் என்பது அதன் பொருள். பள்ளமான புண் அடியிலிருந்து புதுச்சதையால் நிரம்பி வருவதை அச்சொல் அழகாகக் காட்டுகிறது. நம் 'ஆறுதல்' என்ற சொல்லும் அதற்குச் சளைத்ததன்று. பால் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, துயருற்றவர்க்கு ஆறுதல் கூறுகிறோம். யாவும் வெம்மை தணிந்து அமைதி பெறுவதையே குறிக்கின்றன. நாம் முதலில் குறிப்பிட்ட பெரியவர் இன்று அகன்ற காலணி அணிந்து, மாலை வேளையில் மட்டும் கோயிலுக்கு வருகிறார். அறுவைக்குப் பின் எஞ்சிய புண்ணை ஆற்ற அவருக்கு வைத்தவற்றுள் நீர்க்களிக் கட்டும் ஒன்று. புண்ணைக் காயவிட வேண்டும் என்று இப்போது எவரேனும் சொன்னால், தம் வலக்காலைக் காட்டி, 'காயவிட்டது போதும் ஐயா, ஆறவிடுங்கள்' என்கிறார்.